சைலன்சரை வெட்டாமல் பழைய ஸ்போர்ட்ஸ் காரை உறும வைக்க முடியுமா?

கேள்வி: வணக்கங்க வக்கீலம்மா. பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு மில்லில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சின்ன வயதில் இருந்தே சான் ஸ்டார்ம் என்கிற ஸ்போர்ட்ஸ் கார் மேல் ஆசை. போன வருடம் 2002-இல் பதிவான வண்டி ஒன்று கைக்கு அடக்கமான விலையில் கிடைத்தது, வாங்கிவிட்டேன். முன்னால் வைத்திருந்தவர் பின்பக்க சைலன்சரை வெட்டி எடுத்துவிட்டு நேர்க்குழாய் வெல்டிங் செய்திருந்தார். சத்தம் அதிகம்தான், ஆனால் கேட்க நன்றாக இல்லை, தகரம் அதிர்கிற மாதிரி இருக்கிறது. சென்ற மாதம் கோவை அவிநாசி ரோட்டில் போலீஸ் நிறுத்தி, பிரிவு 190(2) என்று போட்டுப் பத்தாயிரம் ரூபாய்க்கு இ-சலான் கொடுத்துவிட்டார்கள். சத்தத்தை அளக்க மீட்டர் எதுவும் வைக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்கலாம் என்கிறார்கள். உக்கடத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்காரர், 'நல்ல சைலன்சரே மாட்டித் தருகிறேன், நடுவில் ரிமோட் வால்வ் வைத்துவிடலாம், போலீஸைப் பார்த்தால் மூடிக்கொள்ளுங்கள்' என்கிறார். என்னிடம் இருப்பது பதினைந்தாயிரம். அதற்குள் சட்டத்துக்கு உட்பட்டு வண்டியைக் கொஞ்சம் முரட்டுத்தனமாக உறும வைக்க வழி உண்டா? பக்கத்து வீட்டுப் பெரியவர் வேறு இரண்டு முறை சொல்லிவிட்டார்.

பதில்: வணக்கம் தம்பி. சலானைக் கட்டிவிடுங்கள், வால்வ் வேண்டாம், உறுமலுக்கு வழி இருக்கிறது. இந்த மூன்றில் முதலாவதுதான் உங்களுக்குக் கசக்கும். அதனால் அதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

'மீட்டர் வைக்கவில்லை, அதனால் கேஸ் நிற்காது' என்று உங்களிடம் சொன்னவர்கள் பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 190(2), ஒலிக்கும் புகைக்கும் வகுத்த தரத்தை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது குற்றம் என்கிறது. அந்தத் தரம் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதியில் வருகிறது. அந்த விதிக்கு இரண்டு பாகம். முதல் பாகம், ஒவ்வொரு வண்டியிலும் புகை வெளியேறும் சத்தத்தை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் இருந்தாக வேண்டும் என்கிறது. இரண்டாவது பாகம்தான் டெசிபல் கணக்கு.

உங்கள் வண்டியில் சைலன்சரே இல்லை. குனிந்து பார்த்தாலே தெரியும். முதல் பாகத்தை மீறியதை நிரூபிக்க மீட்டர் எதற்கு? ஒரு போட்டோ போதும், சலானோடு எடுத்தும் இருப்பார்கள். 'வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது' என்பதும் உதவாது. குற்றம் ஓட்டியவர் மேல்தான் வரும். விற்றவரோடு உங்களுக்கு இருக்கும் கணக்கு வேறு.

கோர்ட்டில் தோற்றால் வெறும் அபராதத்தோடு போகாது என்பதைத்தான் பலர் சொல்வதில்லை. 190(2)-இல் முதல் முறை தண்டனை மூன்று மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. சிறை வரை போவது அபூர்வம்தான். ஆனால் லைசென்ஸ் போனால் தினமும் வேலைக்கு எப்படிப் போவீர்கள்? சலான் தொகையைக் கட்டினால் 200-வது பிரிவின்படி சமரசமாக முடிந்துவிடும், வழக்கு விசாரணைக்கே வராது. ஒரு எச்சரிக்கை மட்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சமரசத்தில் முடிந்த குற்றமும் முதல் குற்றமாகவே எண்ணப்படும். அடுத்த தடவை அதே பிரிவில் மாட்டினால் அது இரண்டாவது குற்றம், சிறை ஆறு மாதம் வரை. ஆகவே சைலன்சர் மாட்டாமல் அந்த வண்டியை இனி ரோட்டில் எடுக்கவே எடுக்காதீர்கள். ஒர்க்‌ஷாப்புக்குக்கூட டோ வண்டியில் கொண்டு போங்கள்.

சரி, எப்போது கோர்ட்டுக்குப் போகச் சொல்வேன்? வண்டியில் ஒழுங்கான சைலன்சர் இருக்கிறது, கம்பெனியுடையது இல்லை, வேறு தயாரிப்பு, சத்தம் அடக்கமாகத்தான் இருக்கிறது, 'ஒரிஜினல் இல்லையே' என்ற ஒரே காரணத்துக்காக 190(2) போட்டிருக்கிறார்கள் என்றால், அங்கே எதிர்த்து வாதாட இடம் இருக்கிறது. அப்போது அரசுத் தரப்பு டெசிபல் கணக்குக்குத்தான் போயாக வேண்டும். அந்தக் கணக்கு ரோட்டோரத்தில் செல்போன் ஆப்பை நீட்டி அளப்பது இல்லை. சோதனைத் தடத்தில், வண்டி போகும் கோட்டிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஓட்டிக் கடக்கும்போது அளப்பது. கார்களுக்கு 2005 ஏப்ரல் 1 முதல் 74 டெசிபல், 2003 ஜனவரி 1 முதல் அதுவரை 75. அதற்கு முந்தைய தயாரிப்புகளுக்கு 82. உங்கள் வண்டி 2002 என்பதால் யாராவது 74-ஐக் காட்டிப் பேசினால், தயாரித்த தேதியை எடுத்துக் காட்டுங்கள்.

இதையொட்டி, 'சைலன்சர் மாற்றினாலே ஆர்.சி. ரத்து' என்றும் ஊரில் பேசுகிறார்கள். அதுவும் சரியில்லை. 52-வது பிரிவு தடுப்பது, ஆர்.சி. விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை. மாற்றம் என்றால் வண்டியின் கட்டமைப்பில் அடிப்படைத் தன்மையே மாறும்படி செய்வது என்று அந்தப் பிரிவே விளக்கம் தருகிறது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கறாராகவே படித்தது. கம்பெனி வகுத்த அளவுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்றது. ஆனாலும் தேய்ந்துபோன சைலன்சருக்குப் பதில் அதே வேலையைச் செய்யும் இன்னொன்றை மாட்டுவது கட்டமைப்பு மாற்றம் ஆகாது என்பது என் கருத்து. எஞ்சினையே மாற்றுவது, சேஸிஸை வெட்டுவது எல்லாம் வேறு கதை.

அப்புறம் அந்த ரிமோட் வால்வ். ஒர்க்‌ஷாப்காரர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் உங்களை நேராகக் குழியில் இறக்குகிறார். சைலன்சர் வழியாகப் போகாமல் புகையை வெளியே விடும் கட்-அவுட்டைப் பயன்படுத்தி ஓட்டுவதற்கென்றே 194-எஃப் என்று தனிப் பிரிவு இருக்கிறது. முதல் முறை ஆயிரம், அடுத்து இரண்டாயிரம். தொகை சின்னது என்று நினைக்காதீர்கள். சட்டம் அனுமதிக்காத பாகத்தைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 182-ஏ(4) இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் அபராதம், அல்லது இரண்டும். வால்வை மூடி வைத்திருந்தாலும் பொருத்தியது பொருத்தியதுதான். வயரும் மோட்டாரும் வண்டிக்கு அடியில் தொங்கும்போது, அதை எதற்கு வைத்தீர்கள் என்று மாஜிஸ்திரேட் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

இனி உங்கள் பதினைந்தாயிரத்துக்கு வருவோம். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் கோவையில் கார்ப் பைத்தியங்களின் வழக்குகளைப் பார்க்கிறவளுக்கு இந்த விஷயம் பழகிவிடும்.

நீங்கள் சொன்ன தகர அதிர்வு, குழாயில் எங்கோ கசிவு இருப்பதற்கான அடையாளமாக இருக்கலாம். இதை வீட்டிலேயே பார்க்கலாம். காலையில் எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, காற்றோட்டமான வெளியிடத்தில் ஸ்டார்ட் செய்து, ஒருவர் தடித்த ஈரத்துணியைச் சுருட்டிப் பின்குழாய் வாயில் இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடிக்கட்டும். நீங்கள் முன்பக்கம் குனிந்து காது கொடுங்கள். மேனிபோல்டு (எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே விடும் பாகம்) குழாயோடு சேரும் இடத்திலோ வெல்டிங்கிலோ 'உஸ்ஸ்' என்று கேட்டால் அங்கேதான் ஓட்டை. அந்த இடத்தில் கரி படிந்தும் இருக்கும். இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டை மாற்றுங்கள், தொங்கவிடும் ரப்பர்களைப் புதிதாகப் போடுங்கள், வெட்டி எறிந்த இடத்தில் அந்த எஞ்சின் அளவுக்குப் பொருந்தும் சைலன்சரைப் போடுங்கள். கசிவு நின்றாலே கீச்சென்ற சத்தம் போய் அடித்தொண்டைச் சத்தம் வெளியே வரும். உங்களுக்கு வேண்டியது அந்தக் கனம்தானே, காதைக் கிழிக்கும் சத்தம் இல்லையே. பணத்தில் பெரும்பகுதியை இங்கேயே செலவழியுங்கள்.

மீதியைக் காற்று உள்ளே போகும் பக்கத்தில் போடுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் காற்றை உறிஞ்சும் சத்தம் இருக்கிறதே, பந்தயக் கார்களின் உறுமலில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. டொயோட்டா 2012-இல் கொண்டுவந்த 86 ஸ்போர்ட்ஸ் காரில், காற்றுக்குழாயிலிருந்து ஒரு கிளைக்குழாயை எடுத்து, நடுவில் ஒரு சவ்வு வைத்து, அந்தச் சத்தத்தை ஓட்டுபவர் இருக்கும் பக்கம் திருப்பியிருந்தார்கள். தெருவுக்குக் கூடுதல் சத்தம் இல்லை, உள்ளே இருப்பவருக்கு உறுமல். தெரிந்த மெக்கானிக் இருந்தால் இதே மாதிரி சின்ன அளவில் செய்து தருவார். உங்களுடையது கூரை திறக்கும் வண்டி, இரண்டு பேர் உட்காருவது, 1,149 சிசி ரெனோ எஞ்சினும் உங்களுக்கு எதிரிலேயே இருக்கிறது. கூரையைத் திறந்துவிட்டால் இந்தச் சத்தம் எதுவும் வீணாகாது. ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியை மட்டும் கழற்றி எறியாதீர்கள். சோதனையில் மைக்குக்கு எது புகைச் சத்தம், எது காற்றுச் சத்தம் என்ற வித்தியாசம் கிடையாது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் யார் சொன்னாலும் எடுக்க விடாதீர்கள். எடுத்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய புகைச் சான்று கிடைக்காமல் போகலாம், அதற்கும் 190(2)-தான் வரும்.

முழுச் சத்தத்தையும் ஒருநாளாவது கேட்க வேண்டும் என்று ஆசை இருந்தால், அதற்கும் நம் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. 190(2) பேசுவது பொது இடத்தைப் பற்றி. பொது இடம் என்றால் மக்கள் உரிமையோடு வந்துபோகும் இடம். செட்டிபாளையத்தில் இருக்கும் கார் பந்தயத் தடமான கரி மோட்டார் ஸ்பீட்வே அப்படிப்பட்ட இடம் இல்லை. கார் பந்தய வீரர் எஸ். கரிவரதன் பெயரில் 2003-இல் திறந்தது. அவரும் அவர் காலத்து ஆட்களும் போட்ட அடித்தளத்தில்தான் கோவை, கார் பந்தயத்துக்குப் பேர்போன ஊரானது. அங்கே அனுமதி வாங்கிப் போகும் நாளில், சைலன்சர் இல்லாத பின்குழாயைத் தனியாக எடுத்துப் போய் அங்கேயே மாட்டுங்கள். இதற்காகவே சொல்கிறேன்: புதிய சைலன்சரை வெல்டிங் வைக்காமல் பிளேஞ்ச் (போல்ட் துளையுள்ள விளிம்புத் தகடு) போட்டு போல்ட்டில் மாட்டச் சொல்லுங்கள். கழற்றி மாட்டுவது சுலபம். கிளம்பும் முன் ரோட்டு சைலன்சர் மறுபடி ஏறியிருக்க வேண்டும். டிராக்கின் கேட்டைத் தாண்டிய முதல் அடியிலிருந்தே அது பொது ரோடு.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பொதுத் தொல்லைக்கு 270-இல் விளக்கமும் 292-இல் ஆயிரம் ரூபாய் வரை அபராதமும் இருக்கின்றன. அதைவிட, வயதானவர் ஒருவரை இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புவது யாருக்கும் நல்லதில்லை. சைலன்சர் மாட்டியதும் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், பில்லைக்கூடக் காட்டுங்கள். அவர் புகார் எழுதாமல் இருந்தாலே உங்களுக்குப் பாதி நிம்மதி.

இன்ஷூரன்ஸைப் பொறுத்தவரை, உங்களால் மூன்றாம் நபருக்கு ஏற்படும் இழப்பை சைலன்சரைக் காரணம் காட்டித் தட்டிக்கழிப்பது கம்பெனிக்கு எளிதல்ல. ஆனால் உங்கள் சொந்த வண்டிக்கான கிளெய்ம் வேறு. ஸ்டார்மின் பாடி ஃபைபர். சூடான குழாய் பாடிக்கு நெருக்கமாகப் போய்த் தீப்பிடித்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் முதலில் பார்ப்பது அந்த வெல்டிங்கைத்தான். குழாய் எவ்வளவு தள்ளிப் போக வேண்டும், சூட்டைத் தடுக்கும் ஹீட் ஷீல்டு எங்கே வர வேண்டும் என்பதை மெக்கானிக்கோடு உட்கார்ந்து பேசிவிட்டு, மாற்றிய விவரத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து அந்தக் கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆர்.சி. 2017-இலும் 2022-இலும் புதுப்பித்திருந்தால், அடுத்து 2027-இல் வரும். காலாவதி தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம், ஆர்.டி.ஓ. ஆபீஸில் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார். சைலன்சர், ரப்பர், கேஸ்கட் வாங்கிய பில்லில் வண்டி நம்பர் எழுதி வாங்குங்கள். மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துவையுங்கள். இத்தனைக்கும் பிறகு யாராவது பதிவை நிறுத்திவைத்து மோட்டார் வாகனச் சட்டம் 53-வது பிரிவில் உத்தரவு போட்டால், முதலில் உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் 57-இல் மேல்முறையீடு செய்யலாம். அந்த நிலை வந்தால் உத்தரவின் நகலோடு எழுதுங்கள், மனுவில் என்னென்ன வர வேண்டும் என்று சொல்கிறேன்.