வேலையை விட்டு நீக்கிய பயிற்சியாளருக்கு ஏன் கோடிக்கணக்கில் பணம்?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் தலைமைப் பயிற்சியாளரை ஒப்பந்தக் காலம் முடியுமுன் நீக்கினால், பல்கலைக்கழகம் தர வேண்டிய தொகைக்கு 'பைஅவுட்' என்று பெயர். மூன்று வருட ஒப்பந்தத்தில் கடை எடுத்துவிட்டுப் பாதியில் காலி செய்தால், மீதி மாத வாடகையையும் கேட்பார்களே, அதே கதைதான்.

அப்படியானால் ஏன் இவ்வளவு நீண்ட ஒப்பந்தம் போடுகிறார்கள்? ஆட்களைச் சேர்ப்பதற்காக. பள்ளி முடிக்கும் நல்ல ஆட்டக்காரனைப் பல கல்லூரிகள் கூப்பிடும். "நான் படித்து முடிக்கும்வரை இந்தக் கோச் இருப்பாரா?" என்பதுதான் அவன் முதல் கவலை. போதாததற்கு, நன்றாக ஜெயிக்கும் கோச்சை வேறு கல்லூரி தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயமும் உண்டு.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், தன் தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரின் ஒப்பந்தத்தை 2021-ல் 2031 வரை நீட்டித்தது. 2023 நவம்பரில் நீக்கியபோது தர வேண்டியிருந்தது 7.5 கோடி டாலருக்கும் மேல்! அவர் வேறு வேலைக்குப் போனாலும் அதில் ஒரு டாலர்கூடக் குறையாது. இப்படி எழுதிக் கொடுத்தது, என் பார்வையில், அவசரக் கையெழுத்து.

சரி, அந்தப் பணம் முழுவதும் ஒரே நாளில் கைக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: முதலில் ஒரு பங்கு, மீதி வருடா வருடம் தவணையாக.