டானிக் என்ற பேரில் ஒரு கலர்

கேள்வி: அண்ணாச்சி, துபாயில் இருக்கும் மகன் லீவுக்கு வந்தபோது 'டானிக் வாட்டர்' என்று ஆறு டின் கொண்டுவந்தான். ராத்திரியில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. அதற்கு நல்லது என்கிறான். வயது 61, சர்க்கரை உண்டு, பிரஷர் மாத்திரையும் போடுகிறேன். நாங்கள் சைவம். செவ்வாய்க்கிழமை விரதத்தன்று குடிக்கலாமா?
– வாசகி, விக்கிரமசிங்கபுரம்

பதில்: அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டீர்கள், நானும் தங்கச்சி என்றே எழுதுகிறேன். முதலில் அந்தப் பேரை மறந்துவிடுங்கள். பாளையங்கோட்டையில் 31 வருஷம் மருந்துக்கடையில் நின்றவன் நான். "உடம்பு தேற ஒரு டானிக் கொடுங்க" என்று வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்த பாட்டிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஒரு கலர். கேஸ் அடைத்த தண்ணீர், சர்க்கரை, கொஞ்சம் புளிப்பு, கசப்புக்குக் கொயினா.

கொயினா என்றால் நம் பெரியவர்களுக்குத் தெரியும். சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-ல் பிரான்சில் பிரித்தெடுத்த மலேரியா மருந்து. நீலகிரியில் நடுவட்டம் பக்கம் வெள்ளைக்காரன் இதற்காகவே தோட்டம் போட்டான். என் அப்பா மலைக்காய்ச்சலில் அதை விழுங்கியவர். "நிலவேம்பெல்லாம் இதுக்கு முன்னால அல்வாடா" என்பார். இரண்டு நாள் காதுக்குள் வண்டு இரைந்ததாம்.

மகன் கேள்விப்பட்டது முழுக்கப் பொய்யில்லை. கால் பிடிப்புக்கு முன்பு கொயினா மாத்திரை கொடுத்தார்கள், ராத்திரிக்கு 200, 300 மில்லிகிராம். டானிக் வாட்டரில் அமெரிக்கா அனுமதிக்கும் உச்ச அளவே லிட்டருக்கு 83 மில்லிகிராம். உங்கள் டின்னில் 25, 30 தேறினால் அதிகம். மாத்திரை அளவுக்கு வர குறைந்தது இரண்டரை லிட்டர் குடிக்க வேண்டும். பிறகு கால் பிடிப்புக்கு நேரமேது, ராத்திரி முழுக்கப் புறவாசலுக்கு நடக்கத்தான் சரியாக இருக்கும். அந்த மாத்திரையையே இதயத் துடிப்பைக் குழப்புகிறது, ரத்தத் தட்டணுவைக் குறைக்கிறது என்று சொல்லி, கால் பிடிப்புக்குக் கொடுக்காதீர்கள் என 2006-ல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்துவிட்டது.

உங்களுக்கு அதைவிடப் பெரிய வில்லங்கம் சர்க்கரைதான். கசக்கிறதே, இனிப்பு இருக்காது என்று நாக்கு ஏமாந்துவிடும். சாதாரண டானிக் வாட்டரில் 100 மில்லிக்கு எட்டொன்பது கிராம் வரை இருக்கும். ஒரு டின் குடித்தால் ஐந்தாறு ஸ்பூன் சீனி. சீனியில்லாத டயட் வகையும் உண்டு. டின்னைத் திருப்பி, பொடி எழுத்தைப் பேரனை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

சைவத்துக்குக் குறையில்லை. இதில் ஜின் கலந்து குடிப்பார்கள் என்பதால் வீட்டில் யாராவது முகம் சுளிக்கலாம். டின்னுக்குள் சாராயம் கிடையாது. விரதத்தைப் பற்றி முருகன் ஒன்றும் சொல்ல மாட்டார், உங்கள் சர்க்கரைதான் சொல்லும். வெறும் வயிற்றில் இது வேண்டாம்.

என்றைக்காவது ஆசைக்கு இரண்டு மடக்கு குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர்கள், துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள், கர்ப்பிணிகள் தொடாமலிருப்பது நல்லது. குடித்த பிறகு காது இரைந்தாலோ தோலில் சிவப்புப் புள்ளிகள் வந்தாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். அபூர்வம்தான், ஆனால் ஒரு டம்ளருக்கே அப்படி ஆனவர்கள் உண்டு.

சரி, காலுக்கு வருவோம். பிடிக்கும்போது முழங்காலை நீட்டி, கால் விரல்களை உங்களைப் பார்த்து மடக்கி இழுங்கள். படுக்குமுன் சுவரில் கையூன்றி, குதிகாலைத் தரையில் அழுத்தி, கெண்டைக்கால் நீளும்படி அரை நிமிஷம் நில்லுங்கள். அப்புறம், உங்கள் பிரஷர் மாத்திரை சிறுநீரை அதிகம் போக வைக்கும் ரகமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பல பேருக்கு இழுப்பு அங்கிருந்துதான் வருகிறது. நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: கோலி சோடாவும் டானிக் வாட்டரும் ஒன்றா?
– வாசகர், தென்காசி

பதில்: இல்லை. வெறும் சோடாவில் சீனியும் கிடையாது, கொயினாவும் கிடையாது. எலுமிச்சம்பழம் பிழிந்து குடியுங்கள். பிரஷர் இருந்தால் மட்டும் கடைக்காரர் உப்பு டப்பாவைத் திறக்குமுன் கையைக் காட்டிவிடுங்கள்.