கீச்சான் குருவிக்கு அப்பெயர் எப்படி வந்தது? இரையை முள்ளில் குத்தி வைப்பது கொடுமை அல்லவா?

பெயருக்கான விடை எளியது: கீச்சென்று கத்துவதால் கீச்சான். காகத்தைப் போல அதற்கும் குரலே பெயராகிவிட்டது. முள்ளில் தொங்கிய ஏதோ ஓர் உயிரைப் பார்த்த பிறகுதான் இரண்டாவது கேள்வியைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 'கொடுமை' என்ற அந்தச் சொல்தான் என்னை எழுத வைத்தது.

கானாடுகாத்தான் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டைத் தாண்டி, கிணற்றடியில் ஒரு கருவேலமரம் நின்றது. சைபீரியா, மங்கோலியா, சீனப் பகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் தெற்கே வரும் பழுப்புக் கீச்சான், புரட்டாசி பிறந்ததும் அதன் உச்சிக் கிளையில் அமர்ந்து, அரத்தால் இரும்பைத் தேய்ப்பது போலக் கத்தும்; வேறொரு கீச்சானை அருகே அண்டவிடாது.

2011-இல் துணி காயப்போடச் சென்ற அப்பத்தா, வெள்ளை முள்ளில் கழுத்து குத்தப்பட்டு வால் தொங்கிய ஓர் ஓணான் குட்டியையும், அடுத்த முள்ளில் தலையில்லாத வெட்டுக்கிளியையும் கண்டு, யாரோ செய்வினை வைத்துவிட்டதாக நடுங்கிப்போனார். குறி சொல்பவர் ஒருவரும் அதையே சொல்லி, பணம் வாங்கிக்கொண்டு, மரத்தை வெட்டச் சொன்னார். பருந்துக்கு இருப்பது போல இரையை அழுத்திப் பிடிக்கும் வலிய கால்கள் கீச்சானுக்கு இல்லை, கொக்கி அலகு மட்டுமே உண்டு, அதனால்தான் முள்ளில் மாட்டிக் கிழிக்கிறது, மிச்சத்தைப் பிறகு வந்து தின்னும் என்று நான் மன்றாடியும் அப்பச்சி கேட்கவில்லை. மாலைக்குள் மரம் விழுந்தது.

பெரியவர்களைப் பழிக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். பிள்ளைகளுக்கு ஏதும் ஆகிவிடக்கூடாதே என்பதுதான் அவர்களுடைய பயம். அந்தப் பயத்தைக் காசாக்கியவர் மேல்தான் எனக்குக் கோபம். நான் பறவையியல் படித்தவன் அல்லன். ஆனாலும் கண்ணின் குறுக்கே ஓடும் கறுப்புப் பட்டையையும் செம்பழுப்பு வாலையும் ஆண்டுதோறும் பார்த்தவன், ஆளை மாற்றிச் சொல்ல மாட்டேன். இதே சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நாரைக்கும் கொக்குக்கும் கிடைக்கும் அந்தப் பரிவு ஒரு முள்மரக் குருவிக்குக் கிடைக்கவில்லையே என்பது இன்றும் ஆறவில்லை.

அடுத்த புரட்டாசியிலும் கீச்சான் வந்தது. மரம் இல்லாததால் துணிக்கொடியில் அமர்ந்து கத்தியது. அப்பத்தா வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுக் குருவியா?" என்று என்னிடம் கேட்டார். மூன்று நாள் இருந்தது. நான்காம் நாள் காணவில்லை.