பணமும் கட்சிச் செல்வாக்கும் இல்லாத ஒரு முற்போக்கு வேட்பாளர், பழமைவாதிகளின் கோட்டையில் வீடு வீடாகப் போய் ஜெயிக்க முடியுமா? நேரில் பார்த்தவர்கள் உண்டா?

நான் கூட நடந்த ஆள் தோற்றுப்போனார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. அதனால் "முடியும்" என்று அடித்துச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் முதல் தோல்விக்கு அப்புறம் அந்தத் தொகுதியில் நடந்தது கொஞ்சம் விசித்திரமானது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதில்.

2018இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஏம்ஸ் என்ற ஊரில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஏம்ஸ் அப்போது மாநிலத்தின் 4ஆவது நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருந்தது. தொகுதி என்றால் நம் ஊர்க் கணக்கில் நினைக்காதீர்கள். மாநிலத்தின் 99 கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) 39 அப்போது இதற்குள் வந்தன. கண்ணுக்கு எட்டிய தூரம் மக்காச்சோளம், அது முடிந்தால் சோயா, அது முடிந்தால் மறுபடி மக்காச்சோளம், நடுநடுவே நீளநீளமான பன்றிக் கொட்டகைகள். பல்கலைக்கழகம் இருக்கும் ஏம்ஸ் மட்டும் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாயும். மற்றபடி குடியரசுக் கட்சியின் சொத்து. 2016இல் டிரம்ப் இங்கே 27 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார்.

2003இலிருந்து உறுப்பினராக இருந்தவர் ஸ்டீவ் கிங். குடியேறிகளைப் பற்றி அவர் வாய் திறந்தாலே செய்திதான். சிறுவயதில் பெற்றோரோடு அனுமதியின்றி வந்த பிள்ளைகளைப் பற்றி 2013இல் பேசும்போது, அதில் ஒருவர் பள்ளியில் முதலிடம் பிடித்தால் இன்னும் நூறு பேர் பாலைவனத்தில் கஞ்சா மூட்டை சுமந்து, முலாம்பழம் அளவுக்குக் கெண்டைக்கால் வீங்கிப்போனவர்கள் என்றார். இத்தனைக்கும் அவர் தொகுதியின் ஸ்டார்ம் லேக், டெனிசன் போன்ற ஊர்களில் இறைச்சி ஆலைகள் ஓடுவதே குடியேறி வந்தவர்களின் உழைப்பில்தான். அப்படியும் 2016இல் 61 சதவீத வாக்கு வாங்கியிருந்தார்.

இவரை எதிர்த்து நின்றவர் ஜே.டி. ஸ்கோல்டன். ஆறரை அடி உயரம். ஒரு காலத்தில் சிறிய தொழில்முறை பேஸ்பால் அணிகளில் பந்து வீசியவர், அப்புறம் சட்ட அலுவலகத்தில் வேலை. தேர்தலில் நின்ற அனுபவம் இல்லை. பாட்டி சாவதற்கு முன் "ஊருக்குத் திரும்பு, பண்ணையைப் பார்" என்று சொன்னதால் திரும்பினேன் என்பார். அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு வேண்டும், பெருநிறுவனக் குழுக்களிடம் தேர்தல் நிதி வாங்க மாட்டேன், விதையிலும் இறைச்சியிலும் நாலு கம்பெனி வைத்ததுதான் விலை என்ற நிலையை உடைக்க வேண்டும். இவ்வளவுதான் அவர் பேச்சு. இதை ஏம்ஸில் பேசினால் கைதட்டுவார்கள். மீதி 38 கவுண்டியில்?

ஒரு வின்னபேகோ வண்டி வைத்திருந்தார், படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளே இருக்கும் மோட்டார் வீடு. அந்தக் கம்பெனி பிறந்ததே இந்தத் தொகுதிக்குள் ஃபாரஸ்ட் சிட்டியில்தான் என்பதால் அது உள்ளூர்ப் பெருமையும் கூட. வண்டிக்குப் பெயர் 'சூ சிட்டி சூ'. சூ சிட்டி அவருடைய ஊர். முதல் தடவை கேட்டபோது யாரோ நாயை விரட்டுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. 39 கவுண்டிகளையும் அந்த வண்டியில் திரும்பத் திரும்பச் சுற்றினார். ராத்திரி வால்மார்ட் வாகன நிறுத்தத்தில் வண்டியைப் போட்டுத் தூக்கம்.

சரி, என் பங்கு. மாணவர் விசாவில் இருப்பவன் தேர்தல் வேலை செய்யலாமா என்று எனக்கே பயம். விசாரித்தேன். சம்பளம் வாங்காமல் தன்னார்வலராக வேலை செய்யலாம், பணம் மட்டும் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது, பிரச்சாரத்தின் முடிவுகளில் தலையிடக் கூடாது என்றார்கள். பிரச்சார டி-ஷர்ட் வாங்கினால்கூட அது நன்கொடைக் கணக்கில் வரும். ஆக, ஊரே போட்டுக்கொண்டு திரிந்த சட்டை எனக்கு மட்டும் இல்லை. ஓட்டும் கிடையாது, நோட்டும் கிடையாது, கால் மட்டும் உண்டு.

என்னை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரோடு ஜோடி போட்டார்கள். அவர் கையில் கிளிப்போர்டு, நான் வண்டி ஓட்டி. எழுபதை நெருங்கும் வயது. மூன்று விஷயம் சொல்லிக் கொடுத்தார். கதவைத் தட்டியதும் இரண்டடி பின்னால் தள்ளி நில். கட்சிப் பெயரை நீயாக எடுக்காதே. அவர்கள் பேச ஆரம்பித்தால் நோட்டீஸை மடக்கிப் பைக்குள் வை. மூன்றாவதுதான் ரொம்பக் கஷ்டம். சொல்வதற்காகத்தானே போகிறோம், வாயை மூடிக்கொண்டு எப்படி நிற்பது?

பாதி வீடுகளில் ஆள் இருக்காது. மீதியில் பாதி, "நன்றி, வேண்டாம்". ஒரு பாட்டி வலைக்கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கருக்கலைப்பில் உங்கள் ஆள் என்ன சொல்கிறார்?" ஆசிரியை பொய் சொல்லவில்லை. பாட்டி தலையாட்டிவிட்டு, கோபமே இல்லாமல், மெதுவாகக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவை எந்த நடையும் திறக்காது. முற்போக்கு வேட்பாளர் எளிமையாகப் பழகினால் எல்லோரும் கரைந்துவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் அந்தப் பாட்டி முன்னால் ஒரு தடவை நிற்க வேண்டும். அவர் தெளிவாக யோசித்துத்தான் எதிர்ப்பக்கம் இருந்தார்.

இன்னொரு வீடு மறக்காது. பூன் ஊரைத் தாண்டி, கப்பி ரோட்டில் ஒரு மைல் போய், தனிப் பண்ணை வீடு. அக்டோபர், அறுவடைக் காலம். அறுபது வயது இருக்கும், விதைக் கம்பெனித் தொப்பி போட்ட ஒருவர், அறுவடை இயந்திரத்துக்கு அடியில் பாதி உடம்பை விட்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவே இல்லை. "யாருக்காக வந்திருந்தாலும் எனக்கு நேரமில்லை" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

எனக்கு என்ன தோன்றியதோ, "எங்கள் அப்பாவும் மக்காச்சோளம்தான் போட்டிருக்கிறார். இந்த வருஷம் புழு தின்றுவிட்டது" என்றேன்.

ஸ்பானர் சத்தம் நின்றது. "எங்கே?"

பெரம்பலூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரி. அந்த வருஷம்தான் படைப்புழு எங்கள் பக்கம் முதன்முதலாக இறங்கியது. முந்தின வாரம்தான் அப்பா போனில், "குருத்தையே குடைஞ்சிருச்சுப்பா, உள்ள பாத்தா மரத்தூள் மாதிரி கொட்டிக் கெடக்கு" என்றிருந்தார். ஊரில் அதற்குப் பெயரே அமெரிக்கன் படைப்புழு. இதையும் சொன்னேன். மனிதர் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எங்க புழுவா? மன்னிச்சுக்கச் சொல்லு உங்க அப்பாவை."

அப்புறம் முக்கால் மணி நேரம். மூன்று ஏக்கரில் ஒரு குடும்பம் எப்படிப் பிழைக்கும் என்று அவருக்குப் புரியவில்லை. ஆயிரம் ஏக்கர் வைத்துக்கொண்டு ஒருவர் எப்படிக் கடனாளியாக இருப்பார் என்று எனக்குப் புரியவில்லை. ஜூலையில் சீனா அமெரிக்க சோயா மேல் 25 சதவீத வரி போட்டிருந்தது, விலை சரிந்து கிடந்தது. "சீனாவை யாராவது தட்டிக் கேட்கத்தான் வேண்டும்" என்றார், டிரம்ப் மேல் துளி வருத்தமில்லை. ஆனால் விதை விலையைப் பற்றிக் கேட்டபோது தொப்பியைக் கழற்றிக் கையில் தட்டினார். அந்த ஜூனில்தான் பேயர் கம்பெனி, விதைக் கம்பெனியான மான்சாண்டோவை வாங்கி முடித்திருந்தது. நாட்டில் அறுக்கப்படும் பன்றிகளில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு நாலு கம்பெனிகளின் கைக்குத்தான் போகிறது. "முன்னே நாலு பேர் வந்து விலை கேட்பான். இப்போ ஒருத்தன் வந்து விலை சொல்றான்."

ஆசிரியை அப்போதுதான் வாயைத் திறந்தார். "எங்கள் ஆள் பேசுவது இதைத்தான்." அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது அந்த விவசாயி கிங்கைப் பற்றி ஒன்று சொன்னார்: "என் பொண்ணு மினியாபோலிஸ்ல இருக்கா. எந்த ஊருன்னு கேட்டா, அயோவா வரைக்கும்தான் சொல்றாளாம். ஸ்டீவ் கிங்கோட இடம்னு யாரும் கேட்டுடக் கூடாதுன்னு." ஓட்டுப் போடுவேன் என்று சொல்லவில்லை. ஆசிரியை காரில் உட்கார்ந்து, அந்த வீட்டுக்கு நேராக 'முடிவெடுக்கவில்லை' என்று குறித்துக்கொண்டார்.

தேர்தலுக்கு முந்தின கடைசிப் பத்து நாள் தலைகீழாக ஆனது. அக்டோபர் 27, பிட்ஸ்பர்க் யூதக் கோயிலில் துப்பாக்கிச் சூடு. ஐரோப்பாவின் தீவிர வலதுசாரிகளோடு கிங் கொண்டிருந்த உறவு உடனே பேச்சுப்பொருளானது. 30ஆம் தேதி அவருடைய கட்சியின் நாடாளுமன்றத் தேர்தல் குழுத் தலைவரே அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தார். பால்பொருள் கம்பெனி லேண்ட் ஓ லேக்ஸ், இன்டெல் போன்ற நிறுவனங்கள் இனி நிதி தர மாட்டோம் என்றன. ஸ்கோல்டனுக்கு நாடு முழுக்க இருந்து சில நாட்களில் பல லட்சம் டாலர் கொட்டியது. அதுவரை அவரை யாரென்றே கேட்காதவர்கள் எல்லாம் திடீரென்று சொந்தக்காரர்கள் ஆனார்கள். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அந்தப் பணம் ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் எத்தனை ஊரில் அலுவலகம் போட்டிருக்கலாம்!

நவம்பர் 6 ராத்திரி. கிங் 50.3, ஸ்கோல்டன் 47.0. பத்தாயிரம் வாக்குச் சொச்சத்தில் போனது. முந்தின தேர்தலில் 22 புள்ளியாக இருந்த இடைவெளி 3 ஆகச் சுருங்கியிருந்தது. ஒப்பிட ஒரு கணக்கு: 2012இல் இதே கிங்கை எதிர்த்து முன்னாள் ஆளுநரின் மனைவி கிறிஸ்டி வில்சாக் நின்றார். பெயர், பணம், கட்சி எல்லாம் பின்னால் இருந்தது. 8 புள்ளியில் தோற்றார். மோட்டார் வீட்டில் தூங்கிய ஆள் அவரைத் தாண்டிவிட்டார். ஆனாலும் தோல்வி தோல்விதான். மண்டபத்தில் ஆசிரியை அழவில்லை, மீந்த சாண்ட்விச்சுகளைப் பொட்டலம் கட்டி மாணவர்கள் கையில் திணித்துக்கொண்டிருந்தார்.

நான் விசித்திரம் என்றது இனிமேல்தான். கிங் ஜெயித்தார், ஆனால் "இவரைத் தோற்கடிக்க முடியும்" என்ற பயம் அவருடைய கட்சிக்கே வந்துவிட்டது. மறுநாளே மாநில ஆளுநர், அவர் கட்சிக்காரர்தான், கிங் இந்தத் தொகுதி மக்களைப் பிரதிநிதித்துவம் செய்ய விரும்புகிறாரா என்று அவரே முடிவு செய்யட்டும் என்றார். 2019 ஜனவரியில் கிங் வெள்ளை இனவாதத்தைப் பற்றி, அந்தச் சொல் எப்போது தப்பானது என்ற தொனியில் ஒரு பேட்டி கொடுக்க, நாடாளுமன்றக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் அவரை நீக்கினார்கள். வேளாண் குழுவும் போனது. விவசாயத் தொகுதிக்கு வேளாண் குழுவில் ஆள் இல்லை! 2020 ஜூனில் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலில் ராண்டி ஃபீன்ஸ்ட்ரா என்ற மாநில செனட்டர் அவரை வீழ்த்தினார். கொள்கையில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கிங்கால் காரியம் நடக்காது, கிங் நின்றால் தொகுதியே கை நழுவும் என்பதுதான் பேச்சு. பதினேழு வருஷமாக அதே மாதிரி பேசிக்கொண்டிருந்தவரைத் திடீரென்று கட்சிக்கு ஆகாதவராக்கியது அந்த 3 புள்ளிதான் என்பது என் கணிப்பு. மனசாட்சி என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

ஸ்கோல்டன் மறுபடி நின்றார். இந்தத் தடவை கவுண்டி கவுண்டியாக இல்லை, ஒரு ஊர் விடாமல் போகிறேன் என்று அதே வண்டியில் கிளம்பினார். ஆனால் எதிரே கிங் இல்லை, டிரம்பும் வாக்குச் சீட்டில் இருந்தார், கொரோனா வேறு. அந்த வருஷம் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் கதவு தட்டவே இல்லை. ஃபீன்ஸ்ட்ரா 62, ஸ்கோல்டன் 38. நடையெல்லாம் போன இடம் தெரியவில்லை. 2018இன் 47ஐ முழுக்க நம் உழைப்பு என்று எழுதிக்கொண்டிருந்த எனக்கு அது நல்ல அடி. அதில் பெரும்பங்கு கிங்கின் வாய் சம்பாதித்துக் கொடுத்தது என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டேன். பெரும்பங்குதான், முழுசும் இல்லை. கிங்கின் வாய் 2016இலும் இதே வாய்தானே, அப்போது ஏன் 22 புள்ளி? வெறுத்தவன் போட இன்னொரு பெயர் வேண்டும், அந்தப் பெயருக்கு ஒரு முகம் வேண்டும். அதைத்தான் அந்த வண்டி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டியது.

(ஸ்கோல்டன் 2022இல் சூ சிட்டியிலிருந்து மாநில சட்டமன்றத்துக்குப் போனார். தொகுதி சிறிது, ஊர் சொந்த ஊர். 2024இல் 44 வயதில் உள்ளூர் பேஸ்பால் அணிக்கு ஆள் குறைய, இறங்கிப் பந்து வீசி அந்த ஆட்டத்தை ஜெயித்தும் கொடுத்தார். அரசியலில் கிடைக்காத ஸ்கோர்.)

2020 அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலையாக அந்தக் கப்பி ரோடு வழியாகப் போனேன். அதே வீடு. 2018இல் அவர் வாசலில் எந்தப் பலகையும் இல்லை, கிங்குக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. இப்போது புல்வெளியில் ஃபீன்ஸ்ட்ரா பலகை பளிச்சென்று நின்றது. மனிதர் தபால் பெட்டியில் கைவிட்டுக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தினேன். முகக்கவசம் போட்டிருந்தும் அடையாளம் கண்டுகொண்டார்.

"உங்க அப்பாவுக்கு இந்த வருஷம் எப்படி? புழு போச்சா?" என்றார்.