பரணில் கூரைப் பலகை நனைவது ஒழுக்கு அல்ல

குளிர்நாட்டுப் புது வீட்டின் பரணில் (உட்கூரைக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள இடம்) சூட்டைக் காக்க 300 மி.மீ. கண்ணாடி இழை விரித்தும், கூரைப் பலகையின் அடியில் உறைபனி படிகிறது என்றால், இன்னொரு அடுக்கு போடாதீர்கள். முதலில் உட்கூரை ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். இழை சூட்டைத்தான் தடுக்கும், காற்றை விட்டுவிடும். குளியலறை ஈரக்காற்று விளக்குத் துளை, வயர் பைப், பரண் கதவு இடுக்கு வழியாக ஏறிக் குளிர்ந்த பலகையில் உறைகிறது. ஆணி முனைகளில் பனி மணிமணியாக நின்றால் பெரும்பாலும் இதுதான். முதல் குளிர்காலத்தில் சுவர்ப்பூச்சின் ஈரமும் சேர்ந்துகொள்ளும்.

கடுங்குளிர் நாளில், ஹீட்டர் ஓடும்போது, பரண் கதவு ஓரம் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை மேலே இழுபட்டால் அங்கே கசிவு. கதவுக்கு ரப்பர் பட்டை, துளைகளுக்கு சீலன்ட் (இடுக்கு அடைக்கும் பசை). குளியலறை விசிறிக் குழாய் பரணுக்குள்ளேயே முடிகிறதா என்றும் பாருங்கள். அது வெளியே போயே ஆக வேண்டும்.

புகைபோக்கியைச் சுற்றி சாதா ஃபோம் (இடுக்கு அடைக்கும் நுரை) அடிக்கவே கூடாது, தீப்பிடிக்கும். கூரையோரக் காற்றுத் துளைகளையும் மூடிவிடாதீர்கள்.