தூசுக்குள் பிறக்கும் பெருவிண்மீனை அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி: தூசு மேகத்துக்குள் தெரியும் சிவந்த புள்ளி, உருவாகிவரும் பெருவிண்மீனா (சூரியனைவிடப் பல மடங்கு நிறையுள்ளது), முதிர்ந்த விண்மீனா என்று அகச்சிவப்பு நிறமாலை எப்படிச் சொல்கிறது?
- கல்லூரி மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: படத்தில் இரண்டும் ஒரே மாதிரி சிவந்திருக்கும். அதனால் 2.0 முதல் 2.4 மைக்ரான் வரையுள்ள கே பட்டையில் நிறமாலை எடுக்கிறார்கள். சாதாரண ஒளி 30 மேக்னிட்யூட் (வானியலில் பிரகாச அளவு) மங்கும் தூசில்கூட இங்கே இழப்பு சுமார் 3தான்.

முதலில் 2.166 மைக்ரானில் ஹைட்ரஜனின் பிராக்கெட் காமா கோடு உமிழ்கோடாக, அதாவது சுற்றியுள்ளதைவிடப் பிரகாசமாக, இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல், 2.29க்கு மேல் கார்பன் மோனாக்சைடு பட்டைகள் ஒளியை உறிஞ்சியிருந்தால் பெரும்பாலும் முதிர்ந்த சிவப்பு விண்மீன்தான். அதே பட்டைகள் பிரகாசமாக உமிழ்ந்தால், சில ஆயிரம் கெல்வின் வெப்பத்தில் அடர்ந்த வாயுத் தட்டு இருக்கிறது. இளமைக்கு இது வலுவான சான்று. ஆனால் இளம் பெருவிண்மீன்களில் சிலவற்றில்தான் இது தெரியும். இல்லை என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள்.

அடுத்து பிராக்கெட் காமா கோட்டின் அகலம். வாயுவின் வேகக் கணக்கில் வினாடிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால் விண்மீனிலிருந்து வீசும் காற்றோ அதை ஒட்டிய தட்டோ காரணம். ஒடுங்கியிருந்து, 2.058இல் ஹீலியமும் தெரிந்தால், விண்மீன் சுற்றியுள்ள வாயுவை ஏற்கெனவே அயனியாக்கிவிட்டது. அது அடுத்த கட்டம். கோள்வடிவ நெபுலாவும் (முதிர்ந்த விண்மீன் உதறிய வாயு) இப்படி ஏமாற்றும் என்பதால் மூலக்கூறு மேகம் கூடவே இருக்கிறதா என்று ரேடியோ அளவீட்டில் சரிபார்க்க வேண்டும். 2.122இல் மூலக்கூறு ஹைட்ரஜன் தெரிந்தால் அதை 2.248 கோட்டோடு ஒப்பிடுங்கள்: விகிதம் 10 அளவில் இருந்தால் இளம் விண்மீன் பீய்ச்சும் வாயுத் தாரை மோதிய அதிர்ச்சி, 2 அளவில் இருந்தால் புற ஊதாத் தூண்டல்.

தவறு அதிகம் நேர்வது திருத்தத்தில்தான். பூமியின் வளிமண்டலம் பதிக்கும் தடத்தை நீக்க ஏ0 வகை (வெப்பமான வெண்ணிற) விண்மீனின் நிறமாலையால் வகுப்பார்கள். அதற்கே 2.166இல் ஆழமான பள்ளம் உண்டு. அதை முதலில் நிரப்பாமல் வகுத்தால் இல்லாத உமிழ்கோடு முளைக்கும். வானப் பின்னணியைக் கழிக்கப் பக்கத்து இடத்தை எடுக்கும்போது அங்கும் நெபுலா இருந்தால், உண்மையான கோடே கரைந்துபோகும். வெற்று வானம் வரை தள்ளிப் போய்த்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: காசிமேட்டில் மொட்டை மாடியிலிருந்து இதைச் செய்ய முடியுமா?
- வாசகர், காசிமேடு

பதில்: முடியாது. சாதாரண கேமராவின் சிலிக்கான் சில்லு 1.1 மைக்ரானோடு நின்றுவிடும். கே பட்டைக்குக் குளிரூட்டிய உணரி வேண்டும். உத்தராகண்டில் உள்ள தேவஸ்தல் வான் ஆய்வகத்தின் 3.6 மீட்டர் தொலைநோக்கியில் உள்ள டான்ஸ்பெக் என்ற நிறமாலைக் கருவி 2.5 மைக்ரான் வரை எடுக்கிறது. ஜனவரி இரவில் பைனாகுலரில் ஓரியன் நெபுலாவைப் பாருங்கள்: வானியலாளர்கள் பெக்லினும் நொய்கெபாவரும் 1967இல் அறிவித்த அகச்சிவப்புப் பெருவிண்மீன் அதற்குப் பின்னாலுள்ள மேகத்தில்தான், சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதில் பிராக்கெட் காமாவும் கார்பன் மோனாக்சைடு உமிழ்வும் இரண்டுமே பதிவாகியிருக்கின்றன.