குளிர்காலத்தில் திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டலாமா, விற்கலாமா?

தாராளமாக ஓட்டலாம். கூரையைத் திறந்தாலும், பக்கக் கண்ணாடிகளை ஏற்றி, இருக்கைகளுக்குப் பின்னே காற்றுத் தடுப்பைப் பொருத்தி, ஹீட்டரைக் கால்பக்கம் திருப்பிவிட்டால் குளிர் அவ்வளவாகத் தாக்காது. மெர்சிடிஸ் நிறுவனம் 2004இல் எஸ்.எல்.கே. காரில், இருக்கையிலிருந்தே கழுத்தின்மீது வெப்பக்காற்று வீசும் வசதியைக்கூடக் கொண்டுவந்தது.

உண்மையில் கவலைப்பட வேண்டியது டயரைப் பற்றித்தான். கோடைக்கால டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிப் பிடிமானம் குறையும். பழைய கார்களின் துணிக் கூரையில் பின்கண்ணாடிக்குப் பதிலாக பிளாஸ்டிக் தாள் இருந்தால், உறைகுளிரில் மடிக்கும்போது அது மடிப்புக் கோட்டிலேயே விரிசல் விடக்கூடும்.

விற்பனையைப் பொறுத்தவரை, இத்தகைய கார்மீது ஆசை வெயிலோடுதான் வருகிறது என்பதால், அவசரமில்லாதவர் வசந்தகாலம்வரை பொறுப்பதே நல்லது. குளிர்காலத்தில் வாங்குபவருக்கோ பேரம் பேச இடமுண்டு. கூரை ஒழுகுகிறதா என்பதையும் மழையே காட்டிக்கொடுத்துவிடும்.